மறுநாள் காலையும் சீட்டில் உட்கார முடிகிறதா?

வாசகி கேட்டது:

"மேடம், எனக்கு 42 வயது. கேரளத்து ஆரியங்காவில் தையல் கடை வைத்திருக்கிறேன். அம்மா இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோயில் போய்விட்டார். கடைசி ஐந்து மாதமும் பாலியேட்டிவ் (தீராத நோயில் வலி தணிக்கும் பராமரிப்பு) நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணைத் துடைத்து மருந்து வைத்தார். படுக்கைப் புண்ணுக்கான ஏர் பெட்டும் அவர்களே கொடுத்தார்கள். அம்மா போனதும் அது அடுத்த வீட்டுக்குப் போனது. அந்த மாதிரி பெட் வாங்கப் பணம் திரட்டுவதற்காக, எங்கள் சைக்கிள் குழுவில் நாலு பேரோடு சேர்ந்து கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகலாம் என்று இருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளி அடைத்ததும் ஏப்ரல் 1 புறப்பாடு, 40 நாள் திட்டம். கியர் சைக்கிள் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. அதிகபட்சம் 60 கி.மீ. போயிருக்கிறேன். 30 கி.மீ. தாண்டினால் முட்டிச் சிரட்டைக்குக் கீழே வலிக்கிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன. ரத்தம் குறைவு என்று முன்பு சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. என்ன உடற்பயிற்சி செய்யட்டும்? என்னால் முடியுமா?"

அன்புத் தங்கைக்கு,

முடியும். ஆனால் இந்த ஏப்ரலில் வேண்டாம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு, உங்கள் மூட்டும் விரலும் கடிதத்திலேயே பேசிவிட்டன.

முதலில் கணக்கைப் பாருங்கள். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் சுமார் 3,700 கி.மீ. அதை 40 நாளில் வகுத்தால் ஒரு நாளைக்கு 92 கி.மீ.க்கு மேல் வருகிறது. அதில் ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை. நீங்கள் இதுவரை அதிகபட்சம் போனது 60, அதுவும் ஒரே ஒரு நாள். மறுநாள் கடையில் உட்கார்ந்திருப்பீர்கள். 90 கி.மீ. ஓட்டிவிட்டு, மறுநாள் காலை ஐந்தரைக்கு அதே சீட்டில், சீட் உரசிய அதே புண்ணின் மேல், அதே முட்டியோடு மறுபடி ஏறி உட்கார முடிகிறதா என்பதுதான் இந்தப் பயணத்தின் கேள்வி. நான் சொல்லப்போகிற எல்லாம் அந்த மறுநாள் காலைக்காகத்தான்.

இரண்டாவது வெயில். ஏப்ரல் 1 கிளம்பினால் மாதத்தின் நடுவில் கர்நூல், ஹைதராபாத், அதற்கடுத்த வாரம் ஆதிலாபாத், நாக்பூர், மாதக் கடைசியில் ஜான்சி. அந்த நேரத்தில் அங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ரப்பர் மரத்து நிழலில், மலைக்காற்றில் பழகிய உடம்பு உங்களுடையது. மே மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சங்கரன்கோவில் போனாலே நமக்குத் தலை சுற்றும்.

மூன்றாவது, தசை நார்களை எலும்போடு கட்டுகிற தசைநாண்கள். பயிற்சி தொடங்கிய ஆறேழு வாரத்தில் இதயமும் தசையும் தேறிவிடும், மூச்சு வாங்குவது குறையும். தசைநாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். நிறைய பேர் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்: நெஞ்சு "போ" என்கிறது, முட்டி இன்னும் தயாராகவில்லை. சிரட்டைக்குக் கீழே வலிக்கிறது என்கிறீர்களே, அந்தத் தசைநாண் பத்து வாரத்தில் 3,700 கி.மீ.க்குப் பழகாது.

அதனால் புறப்படும் தேதியை மாற்றுங்கள். என் யோசனை அடுத்த வருடம் ஜனவரி 15. அந்தத் தேதியை வேண்டுமென்றே சொல்கிறேன். கேரளத்தில் அதுதான் பாலியேட்டிவ் பராமரிப்பு தினம். 1993-இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய வேலை, 2008-இல் கேரள அரசு தனிக் கொள்கையே அறிவிக்கும் அளவுக்கு வளர்ந்து, உங்கள் அம்மா படுத்திருந்த கட்டில் வரை வந்தது. அந்த நாளில் குமரிமுனையில் நின்று கிளம்புவது உங்கள் காரியத்துக்கும் பொருத்தம். அப்போது ஐப்பசி கார்த்திகை மழையும் ஓய்ந்திருக்கும். ஓட்டுகிற நாள் 41, ஓய்வு 7 என்று 48 நாள் வைத்துக்கொண்டால் டெல்லிப் பக்கம் பனிமூட்டம் தணிகிற பிப்ரவரி பிற்பாதியில் அங்கே இருப்பீர்கள். மார்ச் முதல் வாரம் ஸ்ரீநகர். ஸ்ரீநகருக்கு முந்தைய மலைப்பாதையில், ராம்பன், பனிஹால் பக்கம் மழையோ பனியோ பெய்தால் மண் சரிந்து சாலையை அடைத்துவிடுவார்கள். அதற்கென்று மூன்று நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் முழுப்பரீட்சை தொடங்குகிற சமயத்தில் வீட்டில் இருக்கலாம். ஏழு வாரம் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பது லேசான கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு ஏற்பாடு செய்ய இப்போது பதினோரு மாதம் கிடைக்கிறது.

இனி உங்கள் சைக்கிளுக்கு வருவோம். உடற்பயிற்சி கேட்டீர்கள். அதற்கு முன்னால் சீட்டை ஏற்ற வேண்டும்.

உங்கள் வயதில் சைக்கிளுக்குத் திரும்புகிற பெண்கள் பெரும்பாலும் சீட்டை இறக்கி வைத்திருப்பார்கள். நின்றால் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும் என்ற பயம்தான் காரணம். சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதியிலும் முட்டி அதிகமாக மடங்கும், சிரட்டை தொடை எலும்பின் மேல் அழுந்தும், முன்பக்கம் வலிக்கும். வீட்டு நிலைப்படி ஓரமாகச் சைக்கிளை நிறுத்தி, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். வெறுங்காலோடு வேண்டாம், ஓட்டும்போது போடுகிற ஷூ எதுவோ அதையே போடுங்கள். பெடலைக் கீழே அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் அதன் மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். அப்படி நீண்டால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி வரை மடங்கும். அதுதான் வேண்டியது. எட்டாமல் முட்டியின் பின்பக்கம் இழுத்தால் சீட் கூடிப்போனது என்று அர்த்தம். ஒரே நாளில் மொத்தமாக ஏற்ற வேண்டாம். வாரத்துக்கு அரை சென்டிமீட்டர். ஏற்றிய இடத்தில் சீட் கம்பியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். லாரியிலோ ரயிலிலோ ஏற்றும்போது யாராவது கழற்றினால், மறுபடி அதே உயரம் கிடைக்கும்.

முட்டி வலிக்கு அடுத்த காரணம் கனமான கியர். தையல் மிஷின் மிதித்த காலுக்கு ஒரே சீரான மிதி தெரியும். அதையே இங்கேயும் கொண்டுவாருங்கள். வலது முட்டி மேலே வருவதை 15 வினாடிக்கு எண்ணுங்கள். 20 முறை வந்தால் நிமிடத்துக்கு 80. சமதளத்தில் 80-லிருந்து 90 வரை நல்லது. கோட்டைவாசல் ஏற்றத்தில் 60-க்குக் கீழே இறங்கினால் இன்னும் லேசான கியருக்குப் போங்கள். குழுவில் மற்றவர்கள் முன்னே போனால் போகட்டும்.

விரல் மரத்துப்போவதை முட்டியைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது உங்கள் சோறு. மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கம் உள்ளங்கையின் அடிமேட்டில் அல்நார் என்ற நரம்பு ஒரு குறுகிய வழியாகப் போகிறது. ஹேண்டில் பாரில் மணிக்கணக்கில் சாய்ந்து அழுத்தினால் அது நசுங்கும். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவது அதனால்தான். தொடர்ந்து நசுங்கினால் விரல்களை நடத்துகிற சிறு தசைகள் வலுவிழக்கும். ஊசியில் நூல் கோர்க்கவும் துணியைக் கிள்ளிப் பிடிக்கவும் சிரமமாகும். ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னே வழுக்கிக் கையில் விழும். ஸ்பிரிட் லெவல் வைத்துச் சமமாக்குங்கள். முழங்கையை லேசாக மடக்கியே வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். ஜெல் வைத்த கையுறை உதவும், ஆனால் அது கடைசி உதவிதான். சோதனை ஒன்று: கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு கையிலும் பிடி ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு கையில் தாள் உருவிக்கொண்டு வந்தாலோ, மரமரப்பு மறுநாள் காலையும் இருந்தாலோ, ஓட்டுவதை நிறுத்திவிட்டு நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

சீட்டைப் பற்றி ஒரு பெண்ணாக இன்னொரு பெண்ணிடம் பேசுகிறேன். நாம் உட்காரும் இரண்டு எலும்பு முனைகளின் இடைவெளி பொதுவாக ஆண்களைவிட நமக்கு அதிகம். கடையில் சைக்கிளோடு வருகிற சீட் பெரும்பாலும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. எலும்பு சீட்டுக்கு வெளியே போய்விட்டால் பாரமெல்லாம் நடுவில் மெல்லிய சதையில் விழும். ஒரு மளிகை அட்டைப்பெட்டியின் நெளிவு அட்டையை மரப்படியில் போட்டு, மெல்லிய துணியோடு அதன் மேல் உட்கார்ந்து, முட்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பத்து எண்ணிவிட்டு எழுந்திருங்கள். இரண்டு குழி தெரியும். குழியின் நடுவிலிருந்து நடு வரை உங்கள் இஞ்ச் டேப்பால் அளந்து, இரண்டு சென்டிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ கூட்டினால் உங்களுக்கு வேண்டிய சீட்டின் அகலம். மெத்தென்று கொழகொழப்பாக இருக்கிற ஜெல் உறையை வாங்காதீர்கள். அரை மணி சுகமாக இருக்கும், மூன்றாம் மணியில் அதுவே அழுத்தும்.

பேட் வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே வேறு உள்ளாடை வேண்டாம். தையல் எங்கே வருகிறது என்று பார்க்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுத்தையல் தடித்திருந்தால் விட்டுவிடுங்கள். குறைந்தது மூன்று வேண்டும்: ஒன்று உடம்பில், ஒன்று காய்கிறது, ஒன்று பையில். இறங்கிய உடனே மாற்றிக் கழுவி நன்றாகத் துடையுங்கள். வெயிலில் காயாத ஷார்ட்ஸை மறுநாள் போட்டால் இரண்டே நாளில் கொப்புளம். கொப்புளம் சீழ் பிடித்துவிட்டால் அன்றைக்கு ஓய்வு, விவாதமே வேண்டாம். மாதவிலக்கு நாளில் நாப்கின் உரசிப் புண்ணாக்கும். மாதவிலக்குக் கப் பயன்படுத்த விருப்பமென்றால் மூன்று மாதம் முன்பே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். சாலையில் போய் முதல் முறை முயல வேண்டாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது என் கதையைச் சொல்லத்தான் வேண்டும். சில வருடங்களுக்கு முன் தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் வரை இரண்டு நாள் சைக்கிளில் போனேன். வழியில் கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்று நாள் முழுக்க வாயை நனைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் குளிர் காய்ச்சல், நீர்க்கடுப்பு, ஒரு வாரம் ஆன்டிபயாடிக். மற்றவர்களுக்கு நாள்தோறும் சொல்லித்தருகிற எனக்கே அப்படி ஆனது. நம் பெண்கள் எல்லோரும் பயணத்தில் செய்கிற காரியம் இது, நீங்கள் அதைச் செய்யாதீர்கள். பயணத் திட்டத்தைப் போடும்போதே பெட்ரோல் பங்க், டோல் பிளாசா, ஹோட்டல் என்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு கழிப்பறை குறித்து வையுங்கள். குழுவில் இருக்கிற ஆண்களிடம் இதை வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்களும் நிற்கத்தான் வேண்டும். மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடியுங்கள். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் சரி. கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது தசை சிதைவின் அறிகுறியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து. வேர்வையில் உப்பு போய்விட, ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வரும். நம் பக்கத்துப் பதிமுகத் தண்ணீர், சீரகத் தண்ணீர் எல்லாம் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு இல்லை. உப்புக்கு ஓ.ஆர்.எஸ். பொடி குடியுங்கள்; அதைப் பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் வயிற்றைப் புரட்டும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நீர்மோரும் அதே வேலையைச் செய்யும்.

சாப்பாட்டுக்கு அதிகம் சொல்ல மாட்டேன். பசிக்கும் முன் சாப்பிடுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு நேந்திரம் பழமோ இரண்டு கடலை மிட்டாயோ போதும். உங்கள் வழியிலேயே கோவில்பட்டி வருகிறது, பை நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். புரோட்டீன் பவுடருக்குச் செலவு செய்வதை முட்டை, பயறு, மீனுக்குச் செய்யுங்கள்.

ரத்தம் குறைவு என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகைதான். ஆக்சிஜனைச் சுமக்கிறதே அதுதான்; அது குறைவாக இருக்கும்போது எந்தப் பயிற்சியும் பாதிப் பலன்தான் தரும். மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதினால் அளவு ஏறிய பிறகும் அவர் சொல்கிற மாதங்கள் வரை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டோடு சாயா வேண்டாம், அது இரும்பு சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய் உதவும். கூடவே சர்க்கரை, பிரஷர், தைராய்டு, ஒரு ஈ.சி.ஜி. எடுத்து வையுங்கள்.

பயிற்சிக்கு இப்படி யோசியுங்கள். முதல் இரண்டு மாதம் வாரம் நாலு நாள், 20 கி.மீ. போதும், முட்டி வலிக்காத தூரம்தான் உங்கள் தூரம். பிறகு வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். ஒவ்வொரு நாலாவது வாரமும் கொஞ்சம் குறையுங்கள், உடம்பு தன்னைத் தைத்துக்கொள்வது அந்த வாரத்தில்தான். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று வீசும்போது தென்காசியிலிருந்து புளியரை நோக்கி எதிர்க்காற்றில் மிதியுங்கள். தையில் உங்களுக்கு வாடைக்காற்று எதிரே வரப்போகிறது, அதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆகஸ்டிலிருந்து சனி, ஞாயிறு சேர்த்து ஓட்டுங்கள்: 50-ம் 40-ம், பிறகு 70-ம் 60-ம். டிசம்பருக்குள் மூன்று நாள் தொடர்ந்து 80, 80, 80, பையில் முழுச் சாமானோடு. கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்கும் மறுநாள் காலை வீட்டுப் படியில் இறங்கிப் பாருங்கள். முட்டி ஒன்றும் சொல்லவில்லை என்றால் அடுத்த வாரம் கூட்டலாம். வலித்தால் அதே தூரத்தில் நில்லுங்கள். ஏற்றங்களுக்கு ஆரியங்காவு, புளியரை வளைவே போதும். சேலம் தாண்டி ஆறாம் நாள் வாக்கில் தொப்பூர் கணவாய் வரும், ஜம்முவுக்கு அப்பால் உதம்பூர் மலை வரும். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரம்தான், மூச்சுத் திணறுகிற உயரமில்லை. குளிரும் குறுகிய சாலையும்தான் அங்கே கவனிக்க வேண்டியவை.

வாரம் மூன்று நாள், கால் மணி நேரம்: ஒரு படியில் ஏறி மெதுவாக இறங்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்து அரைவாசி உட்காருவது. நாள் முழுக்க மிஷின் மேல் குனிந்திருக்கிறீர்கள், கழுத்தும் மேல்முதுகும் ஏற்கெனவே இறுகியிருக்கும். கடையில் மணிக்கொரு தரம் எழுந்து, நிலைவாசலில் இரண்டு கையையும் ஊன்றி நெஞ்சை முன்னே தள்ளி முப்பது எண்ணுங்கள்.

புளியரை வழியில் கல்லும் மண்ணும் ஏற்றிக்கொண்டு போகிற டிப்பர்களை நீங்கள் நித்தம் பார்க்கிறீர்கள். பயிற்சிக்கு அவை குறைவாக இருக்கிற அதிகாலையில் போங்கள், ஆனால் விடிந்த பிறகு. பளிச்சென்ற உடை, பின்விளக்கு பகலிலும்.

பணத்தைப் பற்றி எனக்கு ஒரே கவலை. "ஸ்ரீநகர் எட்டினால் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வாக்கு தலைமேல் இருந்தால் மரத்த விரலோடும் சீழ்ப் புண்ணோடும் ஓட்டத் தோன்றும். கொடுப்பவர்கள் பாலியேட்டிவ் அமைப்பின் கணக்குக்கே நேராக அனுப்பட்டும், நீங்கள் கிளம்பும் முன்பே. வழிச் செலவு தனி. அப்போது நாக்பூரிலேயே நிற்க நேர்ந்தாலும் பெட் வாங்கியாகிவிட்டிருக்கும், நீங்கள் நிம்மதியாக ரயில் ஏறலாம்.

இன்று மாலை கடையடைத்ததும் சீட்டை அரை சென்டிமீட்டர் ஏற்றி டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு வாரம் லேசான கியரில் ஓட்டிவிட்டு எனக்கு மூன்று எண் எழுதி அனுப்புங்கள்: உங்கள் ஹீமோகுளோபின், அட்டையில் அளந்த அகலம், முட்டி வலி எத்தனையாவது கிலோமீட்டரில் தொடங்குகிறது.